லுங்கி போய்ச் சேர்ந்த ஊர்கள்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எனக்கு முன்னால் பேசி என் வேலையைக் கடினமாக்கிவிட்டுப் போன நண்பர்களுக்கும், மணி ஒன்பதைத் தாண்டியும் பாயைச் சுருட்டாமல் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களுக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

‘ஒரு பொருளுக்கு அர்த்தம் கொடுப்பது செய்த கையா, புழங்கும் ஊரா?’ இதுதான் இன்றைய கேள்வி. நான் புழங்கும் ஊரின் பக்கம்.

எதிரணித் தலைவர் பேச வரும்போதே ஒரு மஞ்சப்பையோடு வந்தார். நான்கூட நடுவருக்கு ஏதோ பழம் வாங்கி வந்திருக்கிறார் என்று பயந்துபோனேன். பையிலிருந்து ஒரு லுங்கியை எடுத்தார். புதுசு. இன்னும் மூட்டாதது. குறிஞ்சிப்பாடியில் அவருடைய அப்பா தறியில் நெய்தது. ‘இந்த ஒவ்வொரு கட்டமும் என் அப்பா காலால் மிதித்து, கையால் நாடா ஓட்டிப் போட்டது. அர்த்தம் இதற்குள்ளேயே இருக்கிறது, வெளியே தேடாதீர்கள்’ என்று சொல்லி, அதை நடுவர் மேசை மேல் விரித்தார். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டி முடித்த பிறகுதான் நான் வேறு அணி என்பது நினைவுக்கு வந்தது.

உண்மையில் நான் வேறு குறிப்புகளோடு வந்திருந்தேன். மிளகாயைப் பற்றிப் பேசலாம் என்று இருந்தேன். அதை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு லுங்கிக்கு வருகிறேன்.

மிளகாய் நம் ஊர்ப் பயிர் கிடையாது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. நாம் ஏற்கெனவே வைத்திருந்த மிளகோடு ஒரு காயை ஒட்டி மிளகாய் என்று பெயர் வைத்தோம். சரி, சமையலுக்கு வந்தது. அப்புறம் என்ன செய்தோம்? நாலு மிளகாயும் கொஞ்சம் உப்பும் எடுத்துக் குழந்தையின் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டோம். நெடி வராவிட்டால் ‘பார்த்தியா, எவ்வளவு கண்ணு பட்டிருக்கு!’ என்றோம். கடை வாசலில் எலுமிச்சம்பழத்தோடு கோத்துத் தொங்கவிட்டோம். இன்னொரு பக்கம், பல வீடுகளில் திவசச் சமையலுக்குள் இன்றைக்கும் மிளகாய் நுழைய முடியாது, காரத்துக்கு மிளகுதான். வந்து நானூறு வருஷத்துக்கு மேலாகியும் பிதுர்களுக்கு அது இன்னும் அந்நியச் சரக்கு. ஐயா, மெக்சிகோவில் மிளகாய் பயிரிட்ட ஆதி விவசாயி எவனாவது, ‘இது ஒரு நாள் மதுராந்தகத்தில் கண்ணேறு கழிக்க உதவும்’ என்று நினைத்திருப்பானா?

அல்லது சாமந்திப்பூ. நம் ஊரில் கல்யாண மாலையில் இருக்கும், ஆயுதபூஜைக்குப் பேருந்தின் முகத்தில் இருக்கும். ஜப்பானியப் பாஸ்போர்ட்டின் அட்டையில் அந்தப் பூதான் சின்னம், அரச குடும்பத்தின் முத்திரை அது. பிரான்ஸில் நவம்பர் 1ஆம் தேதியை ஒட்டிச் சாமந்தித் தொட்டிகளைக் கல்லறைக்கு எடுத்துப்போவார்கள். அங்கே ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போகும்போது சாமந்திக் கொத்தை நீட்டினால் வீட்டுக்காரர் முகம் மாறும். பூ செய்த குற்றம் ஒன்றுமில்லை.

போதும். லுங்கிக்கு வருவோம். எதிரணித் தலைவரே எடுத்துக் கொடுத்தது, நான் விடுவதாக இல்லை.

முதலில் என் சொந்த அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டு. பேன்ட் நுழையாது. ஓர் அலுவலகத்தில் நேரில் வந்து கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்றார்கள். நல்ல லுங்கி ஒன்றை, துவைத்துப் பெட்டி போட்டு, கட்டிக்கொண்டு ஊன்றுகோலோடு போனேன். வாசலிலேயே காவலாளி நிறுத்தினார். ‘சார், லுங்கியோட உள்ள விட மாட்டாங்க.’ கட்டைக் காட்டினேன். ‘தெரியுது சார், ஆனா லுங்கி.’ ஆட்டோவைத் திருப்பி, அடுத்த தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் நாலு முழம் வேட்டி வாங்கி, லுங்கிக்கு மேலேயே சுற்றிக்கொண்டு அரை மணி நேரத்தில் திரும்பி வந்தேன். அதே காவலாளி எழுந்து நின்று கதவைத் திறந்தார். ‘பார்த்து வாங்க சார், படி இருக்கு.’

லுங்கியும் பருத்தி, வேட்டியும் பருத்தி. ரெண்டும் தறியில் வந்தது. நீளத்தில் ஒரு சாண் கூடக் குறைய இருக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் என்னை உள்ளே விட்டது எது? செய்த கையா? அந்த வேட்டி எந்த ஊரில் நெய்தது என்று எனக்கே தெரியாது, காவலாளிக்கு எப்படித் தெரியும்?

2014இல் வேட்டி கட்டியவர்களைக் கிளப்புக்குள் விடவில்லை என்று பெரிய சத்தம் எழுந்ததும், சட்டசபையில் அதற்கென்று ஒரு சட்டமே போட்டார்கள். வேட்டிக்கு நியாயம் கிடைத்தது, எனக்கும் சந்தோஷம்தான். லுங்கிக்காக ஒரு குரல் எழுந்ததா? நாம் எல்லோரும் வீட்டுக்குப் போனதும் முதலில் மாற்றுகிற உடுப்பு அது. அதைக் கட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போகலாம், பெண் பார்க்கப் போக முடியாது. சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்றால் ஓடிப்போய் மாற்ற வேண்டும். மடித்துக் கட்டியபடி நிற்கும்போது பெரியவர் எதிரே வந்தால் சட்டென்று இறக்கிவிட வேண்டும். முழங்காலுக்கு மேலே இருந்தால் திமிர், கணுக்காலுக்கு இறங்கினால் மரியாதை. இந்தச் சட்டதிட்டம் எதுவும் பாவிலும் இல்லை, ஊடையிலும் இல்லை. தறியிலிருந்து அறுத்து இறக்கும்போது அது வெறும் கட்டம் போட்ட துணிதான்.

சரி, அந்தத் துணியைப் பின்தொடர்ந்து கொஞ்சம் வெளியே போய் வருவோம். ஐயா, மணியைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், தூரம் அதிகம்.

பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். பழவேற்காடு. ஏரிக்கும் மீனுக்கும் பேர்போன ஊர். 1613இல் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். அவர்களுக்கு வேண்டியது மீன் கிடையாது, துணி. அந்தக் கரையிலிருந்து கட்டம் போட்ட துணி கிழக்கே கப்பலேறியது. பழவேற்காட்டை வெள்ளைக்காரர் ‘புலிகாட்’ என்றார்கள், அது மலாய் மொழியில் ‘பெலிகாட்’ ஆனது. இன்றைக்கும் மலேசியாவில் கட்டம் போட்ட லுங்கிக்குப் பெயர் ‘கைன் பெலிகாட்’. பழவேற்காட்டுத் துணி என்று அர்த்தம். அங்கே ஆண்கள் அதை வீட்டிலும் கட்டுகிறார்கள், பள்ளிவாசலுக்கும் கட்டிப் போகிறார்கள். என்னை வாசலில் நிறுத்திய அதே கட்டம், அங்கே தொழுகை வரிசையில் நிற்கிறது. மியான்மருக்குப் போனால் லுங்கியை லோஞ்ஜி என்பார்கள். அதன் மேலே சட்டையும் குட்டைக் கோட்டும் போட்டுக்கொண்டு நாடாளுமன்றத்துக்கே போவார்கள். எனக்கு மாவுக்கட்டுப் போட்டது தப்பான நாட்டில்.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய நண்பர் ஒரு நல்ல வாதம் வைத்தார். ‘உலகம் அந்தத் துணியை மெட்ராஸ் என்றே அழைக்கிறது. செய்த ஊரின் பெயரைச் சொல்லித்தான் வாங்குகிறான். அப்படியானால் மரியாதை யாருக்கு?’ என்று கேட்டார். கேள்வி சரி. அந்த ஊரே துணிக்காகப் பிறந்த ஊர்தான். 1639இல் பிரான்சிஸ் டே இந்த மணல் கரையைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, இங்கே துணி மற்ற இடத்தைவிட மலிவு என்பது. நல்ல துறைமுகமே இல்லாத கரை, கப்பல் அலைக்கு வெளியே நிற்க வேண்டும், ஆளும் சரக்கும் படகில் நனைந்துகொண்டே வர வேண்டும். இருந்தும் துணிக்காக வந்தார்கள். 1734இல் நெசவாளர்களையும் நூல் நூற்பவர்களையும் குடியேற்ற ஒரு பேட்டையே அமைத்தார்கள். சின்னத் தறிப் பேட்டை. இன்றைக்குச் சிந்தாதிரிப்பேட்டை.

எல்லாம் உண்மை. ஆனால் நண்பரே, நம் ஊரில் யாராவது கடைக்குப் போய் ‘ஒரு மெட்ராஸ் கொடுங்க’ என்று கேட்டதுண்டா? லுங்கி என்போம், கைலி என்போம், யாழ்ப்பாணத்தில் சாரம் என்பார்கள். மெட்ராஸ் என்ற பெயரை அந்தத் துணிக்கு வைத்தது வாங்கியவன். 1996இல் ஊரின் பெயரைக்கூடச் சென்னை என்று மாற்றிவிட்டோம். துணியின் பெயர் மாறியதா? கரீபியக் கடலில் ஒரு பாட்டியிடம் போய், ‘அம்மா, இனிமேல் இதைச் சென்னை என்று சொல்லுங்கள்’ என்றால், அவர் தன் தலையைத் தொட்டுக் காட்டி, ‘இது மெட்ராஸ், எங்கள் ஊருடையது’ என்பார்.

தலை என்று ஏன் சொல்கிறேன்? அங்கே அதைத் தலையில்தான் கட்டுகிறார்கள். மார்த்தினிக், குவாதலூப் என்று இரண்டு பிரெஞ்சுத் தீவுகள். அங்கே பெண்களின் பாரம்பரிய உடையில் தலைக்கட்டு நம் லுங்கிக் கட்டம். கட்டும்போது துணியின் முனைகளை மேலே நிமிர்த்தி விடுவார்கள். அந்த முனைகளுக்குக் கணக்கு இருக்கிறது. ஒரு முனை நிமிர்ந்திருந்தால், ‘என் மனசு காலியாக இருக்கிறது’. இரண்டு முனை என்றால், ‘ஒருவருக்குக் கொடுத்தாயிற்று’. மூன்று என்றால், ‘கல்யாணமாகிவிட்டது’. நான்கு முனை என்றால்... நடுவர் ஐயா இப்போதுதான் நிமிர்ந்து உட்காருகிறார்... நான்கு முனை என்றால், ‘கல்யாணமாகிவிட்டது, ஆனாலும் தைரியமிருந்தால் முயன்று பார்க்கலாம்’.

தாய்மார்கள் சிரிக்கிறீர்கள், ஐயாமார்கள் எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். நம் ஊரில் தாலி, மெட்டி, குங்குமம் என்று மூன்று பொருள் சேர்ந்து செய்கிற வேலையை அங்கே ஒரு முடிச்சு செய்கிறது, கூடவே நாம் யோசிக்காத நாலாவது செய்தியையும் சேர்த்து. சைதாப்பேட்டையிலோ சிந்தாதிரிப்பேட்டையிலோ உட்கார்ந்து நெய்த மனிதருக்குத் தன் துணி கடல் தாண்டிப் போய் இப்படியெல்லாம் கண்ணடிக்கும் என்று சொல்லியிருந்தால் தறியை நிறுத்தியிருப்பார்.

அந்தத் தீவுகளுக்கு நம்மவர்களும் போனார்கள். குவாதலூப்புக்கு 1854இல் ‘ஒரேலி’ என்ற கப்பலில் முதல் ஒப்பந்தக் கூலிகள் போய் இறங்கினார்கள். அந்தத் தீவுக்கு மட்டும் 40,000 பேருக்கு மேல் போனார்கள். மாரியம்மனைக் கொண்டுபோனார்கள். அங்கே கறிக்குழம்புக்கு இன்றைக்கும் ‘கொலொம்போ’ என்று பெயர். சொல்லிப் பாருங்கள், என் காதில் குழம்பு என்றுதான் விழுகிறது. ஆனால் துணி இவர்களுக்கு முன்னாலேயே போய்விட்டது. முதல் தமிழன் கரை இறங்கியபோது அங்கே ஆப்பிரிக்க வம்சத்துப் பெண்கள் ஏற்கெனவே அந்தக் கட்டத்தைத் தலையில் கட்டியிருந்தார்கள். அவன் என்ன நினைத்திருப்பான்? ‘நம்ம ஊர்க் கைலி இங்கே எப்படி?’ என்று ஒரு கணமாவது நின்றிருப்பான்.

எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சிரிக்கிற விஷயம் கிடையாது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் நம் கரையின் துணிகள் ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறின. அங்கே துணியைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். வாங்கிய மனிதர்களை அட்லாண்டிக்கைத் தாண்டிக் கொண்டுபோய்க் கரும்புத் தோட்டத்தில் தள்ளினார்கள். எதிரணி முதல் பேச்சாளர், ‘நூலின் எண், சாயத்தின் பக்குவம், நெசவின் நெருக்கம், இவைதான் ஒரு துணியின் அர்த்தம்’ என்றார். அந்தத் துணியில் நூல் எண் சரியாகவே இருந்தது. சாயம் பக்குவமாகவே இருந்தது. ஒரு மனிதனின் விலையாக அதை ஆக்கியது தறி இல்லை, கடற்கரையில் பேரம் பேசியவன்.

இன்னும் கேளுங்கள். 1786, லூசியானா. அன்றைக்கு ஸ்பெயின்காரர் ஆட்சி. நியூ ஆர்லியன்ஸில் அடிமைத்தளை இல்லாத கறுப்பினப் பெண்கள் தலைமுடியை விதவிதமாக அலங்கரித்துக்கொண்டு நடந்தார்கள், நகையும் இறகும் வைத்து. வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. ஆளுநர் எஸ்தேபான் மீரோ ஓர் உத்தரவு போட்டார். முடியில் நகையும் இறகும் கூடாது, துணியால் தலையைச் சுற்றி மூட வேண்டும். அடிமைப் பெண் வேலை செய்யும்போது கட்டுகிற மாதிரி. தாழ்த்திக் காட்டுவதுதான் நோக்கம். அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? உத்தரவை மீறவில்லை. மூடினார்கள். கடையில் கிடைத்ததிலேயே பளிச்சென்ற கட்டம் போட்ட மெட்ராஸை எடுத்து, அடுக்கடுக்காகச் சுற்றி, மேலே உயர்த்திக் கட்டி, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி நடந்தார்கள். மீரோவின் உத்தரவு காகிதத்தில் கிடந்தது. கட்டு இன்றைக்கும் இருக்கிறது.

எதிரணித் தலைவர் குறித்துக்கொள்கிறார். நல்லது. வியர்க்கிறது உங்களுக்கு, மின்விசிறி என் பக்கமே திரும்பியிருக்கிறது, மன்னிக்க வேண்டும். ஐயா, அந்த டீ டம்ளரைக் கொஞ்சம் பார்த்து வையுங்கள், கீழே இருப்பது புதுத்துணி.

இப்போது நான் பேச ஆசைப்பட்ட இடத்துக்கு வருகிறேன். நைஜீரியா. நைஜர் ஆறு கடலில் கலக்கிற இடத்தில் சதுப்புத் தீவுகள். அங்கே கலபாரி என்ற மக்கள். மீன் பிடிப்பார்கள், வியாபாரம் செய்வார்கள். நெசவு அவர்கள் தொழிலே கிடையாது. ஆனால் அவர்கள் பிறப்பிலிருந்து இறப்பு வரை நம் ஊர்த் துணியோடு வாழ்கிறார்கள். அவர்கள் மொழியில் அதற்குப் பெயர் ‘இன்ஜிரி’. வியாபாரிகள் சொல்லும் பெயர் ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்’. அசல் மெட்ராஸ் கைக்குட்டை. 36 அங்குலச் சதுரம் சதுரமாக, எட்டு கஜம் ஒரு பீஸ். ஒரு கஜத்துக்கு ஒரு கஜம் கைக்குட்டை! எந்த மூக்குக்கு என்று வெள்ளைக்காரனைத்தான் கேட்க வேண்டும்.

கலபாரி வீட்டில் குழந்தை பிறந்தால் இன்ஜிரியில் சுற்றி எடுப்பார்கள். பிள்ளை பெற்ற தாய் வெளியே வரும் சடங்கில் அது உண்டு. வீட்டில் பெரியவர் இறந்தால், உடலைக் கிடத்துகிற கட்டிலை விதவிதமான துணிகளால் அலங்கரிப்பார்கள், அதில் இன்ஜிரிக்கு இடம் உண்டு. அதற்காகவே குடும்பத்தில் பெட்டியில் பூட்டித் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாப்பார்கள். நம் வீட்டில் பாட்டியின் கூறைப்புடவையைப் பாச்சா உருண்டை போட்டு வைப்போமே, அப்படி.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அங்கே பெண்கள் நம் ஊர்த் துணியை எடுத்து வைத்துக்கொண்டு, சின்னக் கத்தியாலும் ஊசியாலும், சில இழைகளை மட்டும் நெம்பி, அறுத்து, உருவி எடுப்பார்கள். எண்ணி எண்ணி எடுப்பார்கள். எடுத்த இடத்தில் துணி மெலிந்து, கட்டத்துக்குள் புதிதாக ஒரு வடிவம் எழும். ஒரு துணியை முடிக்கப் பல நாள் ஆகும். இதற்குப் பெயர் ‘பெலெட்டே பிட்டே’. அறுத்த துணி என்று அர்த்தம். தலைவர் அவர்களே, உங்கள் அப்பா ஓர் இழை அறுந்தால் என்ன செய்வார்? தறியை நிறுத்துவார், தேடிப்பிடித்து முடிச்சுப் போடுவார். ஏனென்றால் அறுந்த இழை குறை, முதலாளி கூலியில் பிடிப்பார். அங்கே அறுத்த இழைதான் அழகு. அறுத்த பிறகுதான் அந்தத் துணி அவர்களுடையது. தறியே இல்லாத ஊர், தறியிலிருந்து வந்ததைக் கழித்து, தன் துணியாக ஆக்கிக்கொண்டது. எனக்குத் தெரிந்து, என் அணிக்கு இதைவிட நல்ல சாட்சி உலகத்தில் இல்லை.

சாயத்தைப் பற்றி ஒரே ஒரு கதை, கொஞ்சம் வேகமாகச் சொல்கிறேன். நம் வீட்டில் சாயம் போகிற துணி வந்தால் என்ன நடக்கும்? தனி வாளி. அம்மாவின் திட்டு. கடைக்காரனுக்குச் சாபம். ஒருவன் குட்டு வெளிப்பட்டால்கூட ‘சாயம் வெளுத்துப்போச்சு’ என்கிறோம். 1958இல் கண்ணூர்க்காரர் கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர், பிற்பாடு மனைவி லீலாவின் பெயரில் ஹோட்டல்கள் கட்டியவர், அமெரிக்க இறக்குமதியாளர் ஒருவருக்குக் கட்டம் போட்ட மெட்ராஸ் துணி 10,000 கஜம் விற்றார். அவர் பிற்காலத்தில் சொன்ன கதை இது. சாயம் இறங்கும், குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தாராம். அந்தச் சேதி கடைக்குப் போய்ச் சேரவில்லை. நியூயார்க்கின் பெரிய துணிக்கடை ஒன்று சட்டையாகத் தைத்து விற்றது. வாங்கியவர்கள் சலவை இயந்திரத்தில் போட்டார்கள். எல்லாக் கட்டமும் ஒன்றோடொன்று கலந்து ஓடியது. சண்டை, வக்கீல், எல்லாம். கடைசியில் என்ன வழி கண்டுபிடித்தார்கள் தெரியுமா? பத்திரிகையில் எழுத வைத்தார்கள்: இந்தியாவின் கைத்தறி அதிசயம், துவைக்கத் துவைக்க நிறம் மாறும் துணி. ‘ரத்தம் வடியும் மெட்ராஸ்’ என்று பெயர். கடைகளில் ‘சாயம் போகும், இது உறுதி’ என்றே விளம்பரம் போட்டார்கள். கல்லூரி மாணவர்கள் தேடித் தேடி வாங்கினார்கள். வெளுக்காவிட்டால் போலி என்று திருப்பிக் கொடுக்கிற நிலைமை! நம் ஊர்ச் சாயப்பட்டறைக்காரர் இதைக் கேட்டால் எந்தப் பக்கம் திரும்பி அழுவார்?

எதிரணியில் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்கள். ‘நெய்தவன் இல்லாமல் துணி உண்டா?’ இல்லை. சத்தியமாக இல்லை. அதை நான் மறுக்க மாட்டேன். இன்னும் சொல்லப்போனால், இந்தக் கதையில் எனக்கு வருத்தமான இடம் அதுதான். மீரோ பெயர் தெரிகிறது, பிரான்சிஸ் டே பெயர் தெரிகிறது, கப்பலின் பெயர்கூடத் தெரிகிறது. நெய்தவர் ஒருவர் பெயர் தெரியவில்லை. தன் துணியில் யார் பிறந்தார்கள், யார் மேல் அது போர்த்தப்பட்டது என்று அவருக்கு ஒருவரும் வந்து சொல்லவில்லை. குறிஞ்சிப்பாடியிலும் குடியாத்தத்திலும் இன்றைக்குத் தறியில் உட்கார்ந்திருப்பவருக்கும் அது எந்த நாட்டுக்குப் போகிறது என்பது பெரும்பாலும் மூட்டை மேல் எழுதிய விலாசத்தோடு சரி. எதிரணி அதற்காகக் குரல் கொடுத்தால், நான் எழுந்து வந்து பக்கத்தில் நிற்கிறேன். ஆனால் அது கூலிக் கேள்வி, நியாயக் கேள்வி. இன்றைய தலைப்பு அர்த்தத்தைப் பற்றியது. கையை விட்டுப் போன துணி எங்கே போய் என்ன ஆக வேண்டும் என்பதில் அந்தக் கைக்கு எந்தப் பிடிமானமும் கொடுக்கப்படவில்லை.

காஞ்சிபுரத்தைச் சொன்னீர்கள். புவிசார் குறியீடு, 2005, ஒப்புக்கொள்கிறேன். பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது, காஞ்சியில் சேலையாகிறது. அது கூறைப்புடவை ஆவது எங்கே? மணவறையில், முகூர்த்த நேரத்தில், ‘கட்டிக்கிட்டு வாம்மா’ என்று கொடுத்து அனுப்பும்போது. அதே சேலை கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மையின் மேல் இருந்தபோது யாராவது அட்சதை போட்டார்களா?

மணி அடித்துவிட்டீர்கள், தெரிகிறது ஐயா. அரை நிமிஷம்.

எதிரணித் தலைவரின் லுங்கியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. எட்டரை மணிக்கு அது இந்த மேடைக்கு வந்தபோது அப்பா நெய்த துணியாக வந்தது, நாம் எல்லோரும் கை தட்டினோம். ஒன்பது மணிக்கு நடுவர் ஐயா மணியையும் டீ டம்ளரையும் அதன் மேல் வைத்தார், மேசை விரிப்பானது. மெட்ராஸ் தலைக்கட்டைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோது தலைவர் மெதுவாக அதன் ஓரத்தை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இப்போது தோளில் போட்டிருக்கிறார்.

தலைவரே, அது துண்டு இல்லை. உங்கள் அப்பா நெய்த லுங்கி.

நன்றி, வணக்கம்.